கோயில் பக்கத்தில் பழைய வீடா? இடிக்கும் முன் இதைப் படியுங்கள்

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், மாமல்லபுரம் போல மத்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னத்துக்குப் பக்கத்தில் உங்கள் ஓட்டு வீடு இருந்தால் விதி இதுதான்: 100 மீட்டர் வரை தடைப் பகுதி, புதிதாக எதுவும் கட்ட முடியாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி, அனுமதி வாங்கிக் கட்டலாம். 1958-ஆம் வருடப் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தம் இது.

கண்ணி எங்கே என்றால், தடைப் பகுதியில் ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கிடைக்கும். இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டக் கிடைக்காது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, "ஒழுகுற வீட்டுக்கு எதுக்கும்மா செலவு, இடிச்சிட்டுக் கட்டிடலாம்" என்ற மேஸ்திரி பேச்சை நம்பி வீட்டை இறக்கினார். அஸ்திவாரம் தோண்டியதும் நோட்டீஸ் வந்தது. இன்று காலி மனைக்கு வரி கட்டிக்கொண்டு வாடகை வீட்டில் இருக்கிறார். மீறிக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளந்து ஏமாறாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்துதான் கணக்கு. அது மதிலைத் தாண்டியும் போகலாம்.

அடுத்தது 16.6.1992. தடைப் பகுதி வீடு அந்தத் தேதிக்கு முன்பே இருந்தது என்று காட்ட வேண்டும். பட்டா மனையைத்தான் சொல்லும், மேலே நிற்கும் வீட்டைச் சொல்லாது. பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, வீட்டின் விவரம் எழுதிய கிரயப் பத்திரம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். ரசீது தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றையும் இப்போதே வாங்குங்கள். கடைசி நேரத்தில் அதற்குத்தான் அலைய விடுவார்கள்.

மனுவில் "வீட்டைப் புதுப்பிக்க" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த உத்திரம், எந்தச் சுவர், எத்தனை சதுர அடி ஓடு என்று எழுதி, நான்கு பக்கமும் போட்டோ வையுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உப்புப் பூத்து உதிரும். அதே மேஸ்திரி வந்து "சுவர் போச்சு" என்பார். சூளையில் என்றோ வெந்து முடிந்த செங்கல் அது. இடித்தால் ரப்பிஷாகி ஏதாவது ஒரு குளத்தில் விழும். அந்த இடத்துக்கு 1,450 டிகிரியில் சுட்ட சிமெண்ட் வரும். பசுமைக் கட்டடம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஓட்டு வீடுகளைக் கணக்கில் சேர்த்து நான் பார்த்ததில்லை.

நகராட்சியில் கேட்டால் தொல்லியல் துறைக்குப் போ என்பார்கள், அங்கே போனால் நகராட்சிக்கே திருப்பிவிடுவார்கள். நகராட்சி வரைபட அனுமதி மட்டும் போதாது. பழுதுபார்க்கும் மனு அதற்கென நியமிக்கப்பட்ட தகுதி அலுவலரிடம் போக வேண்டும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் பரிந்துரை சொல்ல 2 மாதம், பிறகு அவர் முடிவைத் தெரிவிக்க 1 மாதம். மறுப்பதென்றால் உங்கள் தரப்பைக் கேட்டுவிட்டு எழுத்தில் மறுக்க வேண்டும். ஜன்னலில் வாயால் சொல்வது செல்லாது. தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். கெடு தாண்டினால், கோப்பு யார் மேசையில் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ஐப்பசி மழைக்குள் ஓடு மாற்ற வேண்டுமென்றால் மாசி, பங்குனியிலேயே மனு போட்டுவிடுங்கள்.