மின்சாரக் கார் வாங்குமுன் வீட்டு ஏர்த்தைப் பாருங்கள்

போன மாதம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு பழைய நாற்சார் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கார ஐயாவின் மகன், ஏற்கெனவே பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். போர்ட்டிகோவில் இருந்த பிளக் பொயின்டில்தான் இரவிரவாகச் சார்ஜ். மூடியைக் கழற்றினேன். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரைப் பூட்டும் இடத்தில் பிளாஸ்டிக் கருகியிருந்தது. வயரின் உறை விரல் பட்டதும் உதிர்ந்தது.

"தம்பி, இருபது வருசமா இதிலதான் அயன் பண்ணுறம், ஒண்டும் நடக்கேல்லையே" என்றார் வீட்டுக்கார ஐயா.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அயன் சூடேறியதும் தானே நின்று நின்று வேலை செய்யும். கார் நிற்காது. 10 அம்பியர் இழுக்கும் சின்னச் சார்ஜர் 2.3 கிலோவாட். லீஃபின் 24 கிலோவாட்மணி பற்றரியை வெறுமையிலிருந்து நிரப்பப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலே அத்தனை நேரச் சூடும் அங்கேதான் சேரும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். அது மின்சாரம் கசிவதைத்தான் பார்க்கும். தளர்ந்த இணைப்பின் சூடு அதற்குத் தெரியாது.

1990க்குப் பிறகு பல வருடங்கள் மின்சாரமே இல்லாமல் கிடந்த குடாநாடு இது. பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு மறுபடி மின்சாரம் வந்தபோது, பழைய வயரோடு புதியதை முறுக்கி, டேப் சுற்றி ஒப்பேற்றியவர்கள் பலர். அந்த முறுக்குகள் இன்றும் கூரைக்குள் இருக்கின்றன, அணில் கடித்த இடங்களோடு.

அடுத்தது இணைப்பின் அளவு. ஒற்றை ஃபேஸில் 30 அம்பியர் என்றால் முழு வீட்டுக்கும் 6.9 கிலோவாட். சுவரில் பூட்டும் 7 கிலோவாட் சார்ஜர் தனியாகவே அதைத் தாண்டும். கிணற்று மோட்டருக்கு எங்கே இடம்? 30 அம்பியர் மூன்று ஃபேஸ் இணைப்புக்கு மாறினாலும் ஒரு ஃபேஸுக்கு அதே 30தான். ஆகவே சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து வைப்பதே பெரும்பாலான வீடுகளுக்குச் சரி.

எனக்கு மிகவும் பயம் தருவது ஏர்த், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் வயரும் மண்ணில் அடிக்கும் கம்பியும். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கம்பி இரண்டடி இறங்கிக் கல்லில் முட்டியதும், மிச்சத்தை வெட்டிவிட்டுப் போன வேலைகளைக் கண்டிருக்கிறேன். மாரியில் அளந்தால் நல்ல எண் காட்டும். ஆவணி வெயிலிலும் அளக்க வேண்டும். ஏர்த் இல்லாவிட்டால் சில சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். ஒரு வீட்டில் அதை ஏமாற்ற, பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் ஏர்த்தையும் இணைத்திருந்தார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். காலையில் கதவைத் திறக்கப் போவது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருக்கலாம்.

கொக்குவில் வீட்டில் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தோம்: 6 சதுர மில்லிமீட்டர் வயர், தனி பிரேக்கர், சார்ஜர் நிறுவனம் கேட்ட வகையில் தனி ட்ரிப் சுவிட்ச். பழைய ட்ரிப் சுவிட்ச் பல 'ஏசி' வகை, ஆடலோட்டக் (AC) கசிவை மட்டும் பார்ப்பவை. காரிலிருந்து டிசி (நேரோட்டம்) கசிந்தால் அது வேலை செய்யாமலே போகலாம். ஓரிடத்தில் ஏர்த் கம்பியை முழுதாக இறங்கக் கல் விடவில்லை. கிணற்றடிப் பக்கம் இன்னொன்று இறக்கி இரண்டையும் சேர்த்தோம். முதல் நாள் இரண்டு மணித்தியாலம் சார்ஜ் ஓடவிட்டு, ஐயாவையே பிளக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இளஞ்சூடுதான்.