‘அஞ்சடி ஃபுட்டிங்’ என்றால் எதில் அஞ்சடி?

சுவர் வெடித்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டு இந்தச் சித்திரையில் மட்டும் நான் போன மூன்றாவது வீடு இது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னந்தோப்பை ஒட்டிக் கட்டிய ஒற்றைத் தள வீடு. பால் காய்ச்சி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஜன்னல் மூலையிலிருந்து கூரையைப் பார்த்துச் சாய்வாக ஏறிய வெடிப்பில் 5 ரூபாய் நாணயத்தைச் செருகினேன், நின்றது. வீட்டுக்காரர் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த எஸ்டிமேட்டை எடுத்து வந்தார். “ஏனுங்க சார், அஞ்சடி ஃபுட்டிங்னு எழுதியே குடுத்திருக்காங்க. அப்புறம் எப்படிங்க வெடிக்கும்?”

மூலையில் தோண்டிப் பார்த்தோம். மேஸ்திரி ஏமாற்றவில்லை. 5 அடிக்கு 5 அடி கான்கிரீட் அங்கே இருந்தது. ஆனால் அது உட்கார்ந்திருந்தது 3 அடி ஆழத்தில், சுத்தமான கரிசல் மண் மேலே. மேஸ்திரி அகலத்தைச் சொல்லியிருக்கிறார், வீட்டுக்காரர் ஆழம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஃபுட்டிங் என்பது குழியின் பெயர் இல்லை, ஆழத்தின் பெயரும் இல்லை. தூணின் பாரத்தை மண்மீது பரப்பிவிட, அதன் காலடியில் அகலமாகப் போடுகிற கான்கிரீட் திண்டுதான் ஃபுட்டிங். தோண்டுகிற பள்ளத்துக்கு வானம் என்று பெயர். மலையாளத்திலும் அதே சொல்தான். தரைக்கு மேலே தெரிவது நமக்குப் பேஸ்மட்டம், அவர்களுக்குத் தற. எல்லாம் சேர்ந்தது கடைக்கால், அதாவது அஸ்திவாரம். அந்தக் கடைக்காலிலேயே ஆகக் கீழே மண்ணைத் தொடுகிற பகுதி ஃபுட்டிங். தூண் இல்லாத பழைய வீடுகளில் கருங்கல் சுவர் கீழே இறங்க இறங்கப் படிபோல அகலுமே, அந்த அகலிப்பும் ஃபுட்டிங்தான். நம் தாத்தாக்கள் அந்தப் பெயர் தெரியாமலே சரியாகப் போட்டார்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்று யோசித்திருக்கிறேன். தமிழில் அடி என்றால் பாதம், அடி என்றால் அளவு, அடி என்றால் கீழ்ப்பாகம். ஃபுட்டிங்கில் இருப்பது பாதம். நாம் அதை அளவாகக் கேட்கிறோம். “நாலடி ஃபுட்டிங்கா, அஞ்சடி ஃபுட்டிங்கா” என்று கேட்டு, பெரிய எண்ணைச் சொல்பவருக்கு வேலையைக் கொடுக்கிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு ஃபுட்டிங்குக்கு நீளம், அகலம், கனம், எந்த ஆழத்தில் உட்காருகிறது என்று நான்கு அளவுகள் உண்டு. நான்கும் எஸ்டிமேட்டில் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். ஐந்தாவதாக எந்த மண்ணில் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஏனென்றால் அளவைத் தீர்மானிப்பது மண். ஒரு தூணில் 20 டன் இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் மண்ணாக இருந்தால் 1 மீட்டருக்கு 1 மீட்டர் போதும். 10 டன்தான் தாங்கும் என்றால் பரப்பு இரட்டிப்பாகும், பக்கம் ஏறக்குறைய 1.4 மீட்டர் வரும். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு போட்டார் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. “ஒத்தப்பாலத்துல என் மச்சான் மூணடியிலதான் போட்டான், நல்லாத்தானே நிக்குது” என்கிறார்கள். ஒற்றப்பாலத்தில் இருப்பது வெட்டுக்கல் என்கிற செம்பாறைப் பூமி. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பக்கம் கரிசல். ஒரே மாவட்டம் என்பதற்காக மண் ஒன்றாகிவிடாது.

கரிசலில் அகலம் மட்டும் காப்பாற்றாது. மழையில் அது உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். “ஒத்த மாடிதானுங்களே, இதுக்கு எதுக்கு இவ்வளவு” என்று கேட்காதீர்கள். பாரம் குறைந்த வீட்டைத்தான் உப்பும் மண் சுலபமாகத் தூக்கும். கம்பியைக் கூட்டிப் போட்டால் திண்டு பலமாகும், அடியில் இருக்கும் மண் மாறாது. கீழே மணல் கொட்டினால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. சுற்றிலும் கரிசல் இருக்க, நடுவில் இருக்கும் மணலில் தண்ணீர் வந்து தேங்கும்.

கரிசல் நாலைந்து அடியில் முடிந்தால் அதைத் தாண்டி கெட்டிக் கிராவலில் உட்காரவையுங்கள். கரிசல் அதற்கும் ஆழமாகப் போனால், மண்ணைத் துளைத்து இறக்கும், அடியில் குடம்போலப் பருத்த கான்கிரீட் தூண் இருக்கிறது, அண்டர் ரீம் பைல் என்று பெயர். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்காகவே உருவாக்கியது. ஆழமான கரிசலில் அது குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது பைல்களுக்கான இந்தியத் தர விதி (கோடு) ஐ.எஸ். 2911. “கோடுல அரை மீட்டர் போதும்னு இருக்குதே” என்று ஒரு கான்ட்ராக்டர் என்னிடமே வாதாடினார். கடைக்காலுக்கான ஐ.எஸ். 1904 சொல்லும் 500 மி.மீ. எந்த மண்ணிலும் ஆழம் அதற்குக் குறையக் கூடாது என்கிற எல்லை. கரிசலுக்கு அது போதும் என்று எங்கேயும் எழுதவில்லை.

குழி பறித்ததும் அன்றைக்கே கான்கிரீட் கொட்ட விடாதீர்கள், பொறியாளர் இறங்கிப் பார்க்கட்டும். மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி ‘ஃப்ரீ ஸ்வெல்’ சோதனை கேளுங்கள். பொடித்த மண்ணைத் தண்ணீரிலும் மண்ணெண்ணெயிலும் தனித்தனியே போட்டு, மறுநாள் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். குழிக்குள் மழைத் தண்ணீர் நின்றிருந்தால் இறைத்து, சேற்றை வழித்தெடுத்த பிறகே பி.சி.சி. எனும் கம்பியில்லாத அடிக் கான்கிரீட்டைப் போட வேண்டும். கம்பிக்கு அடியில் செங்கல் துண்டு வைப்பவரைக் கையோடு தடுங்கள், கம்பியைத் தூக்கி நிறுத்தும் 50 மி.மீ. கான்கிரீட் கட்டை, அதாவது கவர் பிளாக், வைக்கச் சொல்லுங்கள். திண்டின் ஓரக் கனம் 150 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. வீட்டைச் சுற்றி ஒரு மீட்டராவது தளம் போட்டுத் தண்ணீரை வெளியே ஓட விடுங்கள். உறிஞ்சுகுழியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த வீட்டில் நடந்ததும் அதுதான். குளியலறைத் தண்ணீர் போகும் குழி தென்மேற்கு மூலையில், சுவரிலிருந்து இரண்டடிகூட இல்லை. அந்த மூலை வருடம் முழுக்க ஈரம், எதிர் மூலை வெயிலில் பிளந்து கிடக்கிறது. குழியைத் தள்ளி மாற்றச் சொல்லியிருக்கிறேன், சுற்றிலும் தளம் போடச் சொல்லியிருக்கிறேன். வெடிப்பு இன்னும் நகர்ந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும் என்று அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதியாயிற்று. ஒரு மழையும் ஒரு கோடையும் தாண்டாமல் பூச வேண்டாம் என்றதும் வீட்டம்மா, “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வைகாசியில வர்றாங்களேங்க” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த சித்திரையில் போய் மறுபடி அளக்க வேண்டும்.