ஆறு பிக்சலில் ஒரு வாத்து

ஏரியின் அக்கரையில் வாத்துக் கூட்டம் மிதக்கிறது, செல்போனில் படம் எடுக்கிறோம், அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாக நாலு திட்டுதான் தெரிகிறது. அதை வைத்து இனம் சொல்ல முடியுமா? பல நேரம் முடியும், ஆனால் மங்கலான படத்தில் எது முதலில் அழிகிறது, எது கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, குடுமி வாத்து (Tufted Duck) ஏறக்குறைய 45 செ.மீ. நீளம். 300 மீட்டர் தள்ளி இருந்தால், ஜூம் இல்லாத செல்போன் படத்தில் அதன் முழு உடம்புமே சுமார் 6 பிக்சல்தான். 400 மி.மீ. லென்ஸ் உள்ள கேமராவில் 150 பிக்சல் வரை கிடைக்கும், அப்போதும் கண்ணுக்கு மூன்று பிக்சல்தான் மிஞ்சும். அதோடு, பெரும்பாலான ஜேபெக் படங்களில் நிறம் வெளிச்சத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் பதிவாகிறது, அதனால் அதன் மஞ்சள் கண்ணின் நிறம் பக்கத்தில் இருக்கும் கருந்தலையோடு கலந்துவிடுகிறது. தூரத்துப் படத்தில் கண் நிறத்தை வைத்து முடிவுக்கு வருவதை நான் ஏற்கவே மாட்டேன்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் அது மூழ்கும் வாத்துதானா என்று பாருங்கள். மூழ்கும் வாத்துகளுக்குக் கால்கள் உடம்பின் பின்பக்கம் தள்ளி இருக்கும், அவை நீரில் தாழ்வாக மிதக்கும், வாலும் தண்ணீரை ஒட்டியே கிடக்கும். மேலாக மேயும் வாத்துகள் வாலைத் தூக்கி வைத்திருக்கும். பறக்கும்போது இவை நின்ற இடத்திலிருந்தே எழும்பிவிடும், மூழ்கும் வாத்துகளோ தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓடித்தான் மேலே வரும்.

அடுத்தது, வெளுப்பு எங்கே விழுகிறது என்பது. எவ்வளவு மங்கினாலும் இது தங்கும். முதுகு கறுப்பு, விலா மட்டும் வெள்ளைப் பட்டை என்றால் ஆண் குடுமி வாத்தாக இருக்கலாம். இரண்டு முனையும் கறுத்து, முதுகும் சேர்ந்து நடுப்பகுதி முழுக்க வெளிறித் தெரிந்தால் ஆண் ஸ்காப் (Scaup), இதுவும் மூழ்கும் வாத்துதான், கிரேட்டர், லெஸ்ஸர் என்று இரண்டு இனம் உண்டு. அதே அமைப்பில் தலை மட்டும் செம்பழுப்பாக, மார்பைவிட வெளிர்ந்து தெரிந்தால் போச்சர்ட் (Pochard) என்ற இன்னொரு மூழ்கும் வாத்து. இதிலும் கேமரா ஏமாற்றும்: வெயில் பட்ட வெள்ளை விலா அதிக வெளிச்சத்தில் பொங்கி முதுகின்மேல் வழிந்து குடுமி வாத்தை ஸ்காப் போலக் காட்டும், விலாவின் பிரதிபலிப்பு தண்ணீரில் விழுந்து வெள்ளையை இரட்டிப்பாக்கும், செல்போன் தானாகச் செய்யும் கூர்மையாக்கலோ கறுப்பு விளிம்பில் இல்லாத வெள்ளைக் கோட்டை வரைந்து வைக்கும்.

பெண் பறவைகளில்தான் உண்மையான சிரமம். அலகைச் சுற்றி வெள்ளை என்றதும் ஸ்காப் என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் பெண் குடுமி வாத்துகள் சிலவற்றுக்கும் அந்த வெள்ளை உண்டு. சிலவற்றுக்கு வாலடியும் வெள்ளையாக இருக்கும், அதைப் பார்த்து ஃபெருஜினஸ் வாத்து (Ferruginous Duck) என்ற வேறு இனம் என்று நினைப்பவர்களும் உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்து இறகு உதிர்க்கும் மாதங்களில் ஆணும் பழுப்பாகிப் பெண்போல மாறிவிடும்.

தலை வடிவம் நல்ல அடையாளம்தான், ஆனால் ஒரே ஒரு படத்தில் வேண்டாம். மூழ்கி எழுந்த வாத்தின் தலையிறகு படிந்திருக்கும், அந்த நொடியில் குடுமியும் தெரியாது, லெஸ்ஸர் ஸ்காப்பின் பின்னந்தலை மேடும் தெரியாது. அது ஓய்வாக இருக்கும்போது பத்துப் படம் எடுத்து, எல்லாவற்றிலும் மாறாமல் வருவதை மட்டும் நம்புங்கள்.

காத்திருந்து பிடிக்க வேண்டிய படம் ஒன்று உண்டு. இறகு கோதி முடித்ததும் வாத்து தண்ணீரில் நிமிர்ந்து ஒரு முறை சிறகடிக்கும். அந்த ஒரு நொடியில் இறக்கையின் வெள்ளைப் பட்டை முழுதாகத் தெரியும். கிரேட்டர் ஸ்காப்பில் அது வெள்ளையாகவே இறக்கை நுனிப் பக்கம் நீளும், லெஸ்ஸர் ஸ்காப்பில் பாதியோடு வெள்ளை நின்று அதற்கப்புறம் சாம்பலாகிவிடும். அந்தப் படம் கிடைக்கவில்லையென்றால், பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் (eBird) 'கிரேட்டர்/லெஸ்ஸர் ஸ்காப்' என்று இரண்டையும் சேர்த்தே பதியலாம், அதற்கென்றே அங்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.