ஜியோஃபென்ஸ்: வேலியா, எல்லையா?

வெளியே போய் வேலை பார்க்கிறவர்களிடம் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் ஜியோஃபென்ஸ். வேலையிடத்தை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போடுகிறார்கள். லிஃப்ட் பழுது பார்ப்பவர் அந்தக் கட்டடத்தை நெருங்கியதும் அவர் பையிலிருக்கும் போன் ஒருமுறை அதிர்கிறது; 9.04க்கு வந்தார் என்று பதிவாகிறது. வேலை முடிந்து வட்டத்தைத் தாண்டினால், கிளம்பிய நேரமும் பதிவாகிவிடும்.

சொல்லின் முன்பாதி, நிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பின்பாதியான ஃபென்ஸ், டிஃபென்ஸ் என்பதன் தலை உதிர்ந்த வடிவம். அதாவது காவல், தடுப்பு.

இதைப் புவிவேலி என்று சொல்லலாம்தான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. வேலி என்றால் மறிக்க வேண்டும். இந்த வட்டம் யாரையும் மறிப்பதில்லை. கோட்டைத் தாண்டினாரா, எப்போது தாண்டினார் என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. அதனால் புவியெல்லை என்பதே சரி. இன்னொன்றும் உண்டு: பழந்தமிழில் எல்லை என்றால் பகல். சங்கப் பாட்டில் 'எல்லையும் இரவும்' என்று வந்தால் பகலும் இரவும் என்று பொருள். இடத்தின் விளிம்பும் பகல்பொழுதும் ஒரே சொல்லில்! இடத்தை வைத்து வேலைநேரம் கணக்கிடும் நுட்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த எல்லை கத்தியால் கீறிய கோடு அல்ல. போன் தன் இடத்தைக் கணக்கிட சிக்னல் அனுப்பும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. உயரமான சுவர்களில் பட்டுத் திரும்பும் சிக்னல் இடத்தைத் தள்ளிக் காட்டும். அடித்தளத்தில் சிக்னலே கிடைக்காமல் போகும். அதனால்தான் ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல், ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் இருக்கட்டும் என்கிறது. 30 மீட்டரில் வட்டம் போட்டுவிட்டு, கீழே லிஃப்ட் குழிக்குள் நின்றவரை 'வெளியேறினார்' என்று பதிந்து அரைமணிநேரச் சம்பளத்தைப் பிடிப்பது அநியாயம்.

அப்புறம், டிராக்கிங். நாள் முழுக்கப் போன பாதையை வரைந்து வைப்பது வேறு வேலை. அதற்கு நகர்வுக் கண்காணிப்பு என்று தனிப்பெயர் வேண்டும். ஒப்புதல் படிவத்தில் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் கையெழுத்து வாங்கக் கூடாது. சாப்பாட்டு இடைவேளையில் அவர் எந்தத் தெருவுக்குப் போனார் என்பது புவியெல்லைப் பதிவில் இருக்காது. நகர்வுக் கண்காணிப்பில் இருக்கும்.