வீட்டு இணையம் மெதுவானால் புது ரவுட்டர் வேண்டாம், ஒரு வயர் போதும்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் உயர்தரம் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர் இருக்கிறது. முன் விறாந்தையில் இருந்தால் வகுப்பு ஒழுங்காக ஓடுகிறது. அறைக்குள் போனால் படம் நின்று நின்று வருகிறது. ரவுட்டரை நடு அறையில் வைத்துப் பார்த்தோம், இப்போது வீடு முழுக்கவே மெதுவாகிவிட்டது. பெரிய அன்டெனா உள்ள புது ரவுட்டர் வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். இது ஒட்டுசுட்டானில் மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. ஏ9 வீதியை ஒட்டிய நகரங்களை விட்டு உள்ளே போகப் போக ஃபைபர் இணைப்பு அரிதாகிவிடும். துணுக்காய், புதுக்குடியிருப்புப் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு இணையம் டவரில் இருந்து காற்று வழியாகத்தான் வருகிறது. அப்படியான வீட்டில் தரவு இரண்டு தடவை காற்றைக் கடக்கிறது. டவரில் இருந்து ரவுட்டருக்கு வருவது ஒன்று, கிலோமீற்றர் கணக்கில். ரவுட்டரில் இருந்து உங்கள் போனுக்கு வருவது இன்னொன்று, சில மீற்றர். முதலாவதுக்கு ரவுட்டர் டவர் இருக்கும் திசையைப் பார்த்து, யன்னலோரம், உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவதுக்கு வீட்டின் நடுவில் இருக்க வேண்டும். ஒரே பெட்டியை இரண்டு இடத்தில் வைக்க முடியாது. நடு அறைக்கு மாற்றியதும் எல்லாமே மெதுவானதற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பக்கம் பழுது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மடிக்கணினியை ஒரு லான் வயரால் (கணினியை ரவுட்டரோடு இணைக்கும் வயர்) நேரே ரவுட்டரில் சொருகி வேகத்தை அளந்து பாருங்கள். வயரில் நல்ல வேகமும் வைஃபையில் குறைந்த வேகமும் வந்தால் பழுது வீட்டுக்குள். வயரிலும் மெதுவென்றால் பழுது வெளியே. அதிலும் பகலில் ஓடி, இரவு ஏழு, எட்டு மணிக்குப் படுத்துவிடுகிறது என்றால் ஊரே அந்த ஒரு டவரில் தொங்குகிறது என்று அர்த்தம். அதற்கு வீட்டுக்குள் எந்த வைத்தியமும் இல்லை. இன்னொன்று, விளம்பரத்தில் வரும் எண் மெகாபிட்டில் சொல்லப்படுவது. 8ஆல் வகுத்தால்தான் மெகாபைட். 40 என்று போட்டிருந்தால் கோப்பு ஒன்று இறங்கும்போது செக்கனுக்கு 5 மெகாபைட்தான் காட்டும். அது பழுது இல்லை.

டவர்ப் பக்கத்தை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு மறை எண் இருக்கும். டவர் சிக்னலின் வலுவைச் சொல்வது அது. மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110 மோசம். இந்த அளவுகோலில் ஒவ்வொரு 10க்கும் வலு பத்து மடங்கு மாறும். ஆகவே அந்த இரண்டுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். சிக்னல் தெளிவாக இருந்தால் டவர் ஒரு துடிப்பில் 6 பிட் ஏற்றி அனுப்பும், கலங்கலாக இருந்தால் 2 பிட்தான் ஏற்றும். யன்னலில் இருந்து நடு அறைக்கு ஒரு சீமெந்துச் சுவரைத் தாண்டிப் போனாலே இந்த எண் இறங்குவதைக் கண்ணால் காணலாம். தகரக் கூரை, தகர மறைப்பு என்றால் இன்னும் மோசம். உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும்.

வைஃபைப் பக்கம் வேறு மாதிரி. அங்கே வலுவைவிட முறைதான் சிக்கல். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம், ஒரே ஒலிவாங்கியை வைத்து நடக்கும் சங்கக் கூட்டம் போல. மற்றவை காற்றைக் கேட்டுக்கொண்டிருந்து, அமைதியானதும் தற்செயலாக ஒரு சிறு நேரம் பொறுத்துத் தம் முறைக்குப் பேசும். அனுப்பிய ஒவ்வொரு பொதிக்கும் "கிடைத்தது" என்று பதில் வர வேண்டும். கடைசி அறையில் இருக்கும் போன் ஒன்றுக்குச் சிக்னல் குறைந்தால் அது மெதுவாகப் பேசும். அதே அளவு தரவை அனுப்பக் காற்றை அதிக நேரம் பிடித்துவைத்திருக்கும். அந்த நேரம் முழுக்க ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் போனும் காத்துக்கிடக்கும். விறாந்தையில் இருப்பவருடைய வேகத்தைக் குசினிக்குப் பின்னால் இருப்பவர் குறைத்துவிடலாம்.

கொழும்பு மாடிவீட்டுக்காரருக்குச் சொல்லும் அறிவுரைகள் இங்கே அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அலைவரிசையை 1, 6, 11 என்று மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு வைஃபைகள் பத்து இடித்துக்கொள்ளும் இடத்தில் அது பலன் தரும். நம்முடைய காணிகளில் அயல் வீடு எட்ட இருக்கிறது, இடிக்க ஆளில்லை. வைஃபையை 2.4 கிகாஹேர்ட்ஸில் இருந்து 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுவது ஒரே அறைக்குள் நல்லது, சுவர் தாண்டினால் 2.4தான் தாங்கும். கடைகளில் விற்கும் சாதாரண வைஃபை ரிப்பீட்டரையும் நான் பரிந்துரைப்பதில்லை. அது கேட்ட ஒவ்வொரு சொல்லையும் அதே காற்றில் திரும்பச் சொல்கிறது. காற்று இரட்டை நேரம் செலவாகிறது, வேகம் பாதியாகிறது.

ஆகவே தங்கைக்கு என் பதில்: ரவுட்டர் டவரைப் பார்த்து யன்னலில் இருக்கட்டும். அங்கிருந்து ஒரு லான் வயரை அறைக்கு இழுங்கள். மடிக்கணினி என்றால் நேரே அதில் சொருகலாம். போனுக்கு வேண்டுமென்றால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை அறையில் வைத்து, அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்தி, வயரை அதன் லான் துளையில் சொருகினால் அது உள்ளறை வைஃபையாக வேலை செய்யும்.

சரி, இப்போது அந்த வயருக்குள் போவோம். நான் எழுத ஆசைப்பட்டது இதைத்தான்.

லான் வயர் ஒன்றின் நுனியில் உறையை உரித்துப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள். செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம் என்று நான்கு நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஒன்று சோடி. ஒவ்வொரு சோடியும் தனித்தனியாக முறுக்கப்பட்டிருக்கும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் ஒன்றின் முறுக்கு நெருக்கமாகவும் இன்னொன்றின் முறுக்கு தளர்வாகவும் இருப்பது தெரியும். உறுதிக்காக முறுக்கியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்த முறுக்கில்தான் வேகமே தங்கியிருக்கிறது.

ஒரு சோடியில் சமிக்ஞை போகும்போது ஒரு கம்பியில் +0.5 வோல்ற் என்றால் மற்றதில் −0.5 வோல்ற். வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும்: 1 வோல்ற். பக்கத்தில் ஓடும் மின் வயரோ தண்ணீர் மோட்டரோ இரைச்சல் போடுகிறது என்று வையுங்கள். அது இரண்டு கம்பியிலும் 0.3 வோல்ற் ஏற்றினால் 0.8 என்றும் −0.2 என்றும் ஆகும். வித்தியாசம் இப்போதும் 1 வோல்ற்தான். இரைச்சல் வந்தது, கழிபட்டுப் போனது.

ஆனால் கம்பிகள் சமாந்தரமாக ஓடினால் ஒன்று எப்போதும் மோட்டருக்குச் சற்றுக் கிட்ட இருக்கும், மற்றது சற்று எட்ட இருக்கும். கிட்ட இருப்பதில் 0.3 ஏறினால் எட்ட இருப்பதில் 0.28. அந்தச் சிறு மிச்சம் நீளம் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். முறுக்கினால்? அரை முறுக்கில் கிட்ட இருந்த கம்பி அடுத்த அரை முறுக்கில் எட்டப் போய்விடும். முதல் அரைமுறுக்கில் மிஞ்சியது அடுத்த அரைமுறுக்கின் எதிர்மிச்சத்தோடு சேர்ந்து பூச்சியமாகும். உயர்தரப் பௌதிகவியல் மொழியில் சொன்னால், இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஒரு தடம், அதனூடாகக் காந்தப் பாயம் மாறினால் மின்னியக்க விசை தூண்டப்படும். 1831இல் பரடே கண்டது இது. ஒவ்வொரு அரைமுறுக்கும் அந்தத் தடத்தின் முகத்தைத் திருப்பிவிடுவதால் அடுத்தடுத்த மின்னியக்க விசைகள் எதிரெதிர்த் திசையில் வந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. உலோகக் கவசம் இல்லை, மின்னணுச் சுற்று இல்லை, வடிகட்டி இல்லை. கம்பியை முறுக்கியது மட்டும்தான். தொலைபேசிக் கம்பிகளில் கேட்ட இரைச்சலுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். இன்றுவரை இதைவிட மலிவான மருந்து வரவில்லை.

நான்கு சோடிக்கும் வேறு வேறு முறுக்கு எதற்கு? இரண்டு சோடிகள் ஒரே அளவில் முறுகியிருந்தால் இதன் ஒரு கம்பி அதன் ஒரு கம்பியை வழிநெடுகப் பார்த்துக்கொண்டே போகும். அப்போது கழிபடல் நடக்காது, ஒரு சோடியின் தரவு மற்றதற்கு இரைச்சலாகிவிடும். முறுக்கு அளவை மாற்றியதும் அந்த ஒத்திசைவு குலைகிறது.

செப்புக் கம்பியில் ஓடும்படி 1999இல் வந்த கிகாபிட் ஈதர்நெற் (லான் வயரில் தரவு அனுப்பும் முறை) இந்த முறுக்கை நம்பித்தான் நிற்கிறது. ஒவ்வொரு சோடியிலும் செக்கனுக்கு 12.5 கோடித் துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் 2 பிட், நான்கு சோடி: மொத்தம் 1000 மெகாபிட். அதுவும் ஒரே சோடியில் இரு திசையிலும் ஒரே நேரத்தில். தான் அனுப்பியதை வந்ததில் இருந்து கழித்துவிட்டு மற்றவர் சொன்னதைக் கேட்கிறது. வைஃபையைப் போல முறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 100 மீற்றர் வரை இதே வேகம்.

இது தெரியாமல் வயர் நுனி அடிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. நிறங்களைச் சோடி சோடியாக அடுக்கி அடித்துவிடுவார்கள்: செம்மஞ்சள் இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, மண்ணிறம் இரண்டு. பார்க்க ஒழுங்காக இருக்கும். இரு நுனியும் ஒன்றுபோல் இருந்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் ஈதர்நெற் 1உம் 2உம், 3உம் 6உம், 4உம் 5உம், 7உம் 8உம் சோடி என்று எதிர்பார்க்கிறது. இப்படி அடித்தால் 3ஆவது ஊசி பச்சை முறுக்கில் இருக்கும், 6ஆவது நீல முறுக்கில் இருக்கும். போகும் கம்பி ஒரு முறுக்கில், அதன் துணை வேறொரு முறுக்கில். கழிபடல் அங்கே செத்துவிடும். மின்சாரம் போகிறது, தரவு சிதைகிறது, சிதைந்ததைத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது, வேகம் இறங்குகிறது. சரியான வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். நுனியில் முறுக்கைப் பிரிப்பதும் 13 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கிகாபிட் ரவுட்டரில் சொருகியும் கணினி 100 என்றே காட்டினால் ஏதோ ஒரு கம்பி தொடவில்லை. 100க்கு இரண்டு சோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும்.

இந்தப் பாடத்தின் அடிப்படை உயர்தரப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. மின்காந்தத் தூண்டலில் கணக்குச் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு லான் வயரை உரித்துக் காட்டினால் என்ன செலவாகிவிடும்? கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வன்னிக் கிராமங்களில் சிக்னல் எங்கே எவ்வளவு இறங்குகிறது, மழைக்குப் பிறகு நனைந்த காடு எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்க அந்த மாணவர்களுக்கு நிதி கொடுக்க வேண்டும். அளவீடு இல்லாத இடத்தில் வதந்திதான் வளரும். டவர் வந்தால் தென்னை காய்க்காது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டவர் அலையின் மீடிறனில் (அதிர்வெண்ணில்) ஒரு போட்டோனுக்கு, அதாவது அலைச் சக்தியின் மிகச் சிறிய துணுக்குக்கு, உள்ள சக்தி ஒரு அணுவில் இருந்து இலத்திரனைக் கழற்றத் தேவையானதில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். டவர் எட்டப் போனால் உங்கள் காதோரம் இருக்கும் போன்தான் இன்னும் உரக்க அலை அனுப்ப வேண்டியிருக்கும்.

வயர் வாங்கும்போது கேட்5இ என்ற தரம் போதும், செப்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். பிளேட்டால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்பு பூசிய அலுமினியம், வளைத்தால் முறியும். வீட்டுக்கு வெளியால் இழுப்பதென்றால் பிவிசி பைப்புக்குள் விடுங்கள், வெயிலுக்கு உறை வெடிக்கும், எலியும் அணிலும் கடிக்கும். மின்சார வயரோடு ஒரே பைப்பில் விட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் மின் பிளக்கோடு சேர்த்து லான் வயரையும் இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால் வெளியால் வரும் லான் வயர் வழியாக மின்னல் உள்ளே வரலாம்.