வேலி வெட்டுமுன் ஒரு தடவை உள்ளே பாருங்கள்

நுவரெலியாப் பக்கம் கால்நடை வைத்தியராக வேலை செய்கிறேன். என்னிடம் வருவது பெரும்பாலும் பால் மாடுகள்தான். ஆனால் சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் போதும், யாராவது ஒருவர் பிஸ்கட் பெட்டியில் குருவிக் குஞ்சோடு வந்து நிற்பார். இந்த வருசம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வயதான அம்மா ஒருவர் வந்தார். வருசத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்து, வேலியை வெட்டியபோது கூடு கிளையோடு விழுந்துவிட்டதாம். "ராத்திரி பூரா பால் குடுத்தேன் டாக்டரய்யா, முழுங்கவே இல்ல" என்றார். ஒரு குஞ்சு வரும்போதே செத்திருந்தது. மற்றதை என்னாலும் காப்பாற்ற முடியவில்லை.

அவை இலங்கை வெள்ளைக்கண்ணிக் குஞ்சுகள். வளர்ந்த பறவையே 11 சென்டிமீட்டர்தான். கரும்பச்சை முதுகு, மஞ்சள் தொண்டை, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வளையம். உலகத்தில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை, இங்கேயும் முக்கியமாக மலைநாட்டில்தான். தாழ்நிலத்தில் இருக்கும் வெள்ளைக்கண்ணி பார்க்க இதன் தங்கை மாதிரி இருக்கும். ஆனால் இரண்டும் வெவ்வேறு காலத்தில் தனித்தனியாகத் தீவுக்கு வந்தவை என்று 2017இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது.

ஹோர்ட்டன் சமவெளியிலும் ஹக்கலையிலும் பாசி படிந்த குட்டை மரங்களுக்குள் கீச்கீச்சென்று கூட்டமாகத் திரியும். பூச்சி, பழம், பூந்தேன் எல்லாம் அதற்கு உணவு. காடு துண்டு துண்டாகிப் போனதால் தேயிலை மலைக்கும் நம் வீட்டுத் தோட்டத்துக்கும் வருகிறது. மார்ச் முதல் மே வரை ஜோடி ஜோடியாகப் பிரிந்து கூடு கட்டும். நாம் வருசத்துக்குத் துப்புரவு செய்வதும் அதே நாட்களில்தான்.

அதன் கூட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் மனசு கலங்கிவிடும். பாசியும் மெல்லிய நாரும் சிலந்தி நூலும் சேர்த்து, இரண்டு கவர்க்குச்சிகளுக்கு நடுவே ஏணை கட்டியது போலத் தொங்கும் ஒரு சின்னக் கிண்ணம். உள்ளே பெரும்பாலும் வெளிறிய நீலத்தில் இரண்டு முட்டை. அதனால்தான் கேட்கிறேன், வேலியை வெட்டுமுன் கிளைகளை விலக்கி ஒரு தடவை பாருங்கள். கூடு இருந்தால் அந்த இடத்தை மட்டும் நாலு வாரம் விட்டுவிடுங்கள், அதற்குள் குஞ்சு பறந்துவிடும். பக்கத்துக் காய்கறிப் பாத்திக்கு மருந்து அடிப்பதையும் முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். தாய் குஞ்சுக்குக் கொடுப்பது அங்கிருக்கும் புழுவைத்தான்.

குஞ்சு விழுந்துவிட்டால்? பால் வேண்டாம், பறவைக்குச் செரிக்காது. தண்ணீரும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் நேரே அதற்குள் போய்விடும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. இறகு முளைத்துத் தத்தித் தத்திப் பறக்கப் பழகும் குஞ்சென்றால் பக்கத்துப் புதரில் விட்டால் போதும். கூண்டில் அடைத்து வளர்ப்பது சட்டப்படியும் குற்றம்.

அந்த அம்மா வந்துபோன மூன்றாம் நாள், கரட் தோட்டத்துப் பையன் ஒருவன் இதே மாதிரி கூடு விழுந்துவிட்டது என்று போன் செய்தான். சிரட்டையில் ஓட்டை போட்டு, கூட்டை அதற்குள் வைத்து, அதே வேலியில் நிழலாகப் பார்த்துக் கட்டச் சொன்னேன். சாயங்காலம் மறுபடியும் அழைத்தான். தாய் வாயில் பச்சைப் புழுவோடு சிரட்டை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறதாம்.