முகவரியை வலப்பக்கத்திலிருந்து வாசியுங்கள்

"உங்கள் வண்டிக்கு அபராதம் விதிக்கப்பட்டுள்ளது, உடனே கட்டவும்" என்று போனுக்கு ஒரு மெசேஜ் வருகிறது. கூடவே ஒரு லிங்க். போக்குவரத்து அபராதம் கட்டும் உண்மையான தளம் இசலான்.பரிவாஹன்.ஜிஓவி.இன். போலீஸ் எச்சரிக்கையில் வந்த போலி முகவரி ஒன்று இசலான்.பரிவாஹன்.இன். (பிரவுசரில் ஆங்கில எழுத்தில் இருப்பதை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.) நடுவில் "ஜிஓவி" இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இடமிருந்து வலமாக வாசிக்கிற கண் "பரிவாஹன்" என்ற பெயரைப் பார்த்ததும் நிம்மதியடைந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

முகவரியின் உரிமையாளர் யார் என்பது வலப்பக்கத்தில்தான் தெரியும். பார்க்கும் முறை இதுதான்: தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். சாய்கோடு இல்லையென்றால் முகவரியின் கடைசியில். அங்கிருந்து இடப்பக்கமாக வாருங்கள். முதலில் வருவது முடிவு: டாட் காம், டாட் இன், அல்லது கோ.இன், ஜிஓவி.இன் போன்ற இரட்டை முடிவு. அதையொட்டி இடப்பக்கம் நிற்கும் ஒரே ஒரு துண்டுதான் காசு கொடுத்தோ அனுமதி பெற்றோ பதிவு செய்யப்பட்ட பெயர். அதற்கும் இடப்பக்கம் இருப்பதையெல்லாம் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பதும் அப்படியே.

எஸ்பிஐ.பேங்க்.இன்.ஏதோஒன்று.காம்/லாகின் என்று ஒரு லிங்க் வந்தால், அது ஸ்டேட் பேங்க் தளம் அல்ல, "ஏதோஒன்று.காம்" என்பவருடையது. எஸ்பிஐ-பேங்க்.இன் என்று வந்தாலும் அதே கதைதான். இணைப்புக்கோடு புள்ளி ஆகாது. கோடு போட்ட பெயர் முழுக்க ஒரே புதுப் பெயர். இன்னொன்று, ஈமெயில் முகவரியில் வரும் "அட்" (@) குறி. சாய்கோட்டுக்கு முன்னால் அது வந்தால் குறிக்கு இடப்பக்கம் உள்ளதை பிரவுசர் வெறும் பயனர்பெயராக எடுத்துக்கொண்டு, வலப்பக்கம் உள்ள தளத்துக்குப் போய்விடும். இடப்பக்கத்தில் எந்த வங்கியின் பெயரையும் எழுதிவைக்கலாம்.

போனில் இதைப் பார்ப்பது சிரமம். திரை சின்னது; நீளமான லிங்க்கில் கண்ணில் படுவது முன்பகுதிதான். லிங்க்கைத் தொடாமல் அழுத்திப் பிடித்து, காப்பி செய்து, நோட்ஸில் ஒட்டி வாசியுங்கள். அரை நிமிட வேலை.

எல்லா முடிவும் ஒரே தரம் அல்ல. டாட் காம், டாட் இன், டாட் ஆர்க் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டாட் ஆர்க் என்றால் சேவை நிறுவனம் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வெளியுறவு அமைச்சகம் போலி பாஸ்போர்ட் தளங்கள் என்று பெயர் சொல்லி எச்சரித்த பட்டியலில் டாட் ஆர்க் முகவரியும் உண்டு. ஜிஓவி.இன் அப்படியல்ல, அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். வங்கிகளுக்கும் இப்போது தனி வேலி வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் பேங்க்.இன் முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவில் பெயர் பதிவதை ஹைதராபாத்தில் உள்ள, ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே செய்கிறது. இது காலம் கடந்து வந்தாலும் நல்ல ஏற்பாடு.

ஆனால் உண்மையான பொதுச் சேவைகள் எல்லாம் வேலிக்குள் இல்லை. ரயில் டிக்கெட் தளம் ஐஆர்சிடிசி.கோ.இன். தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்டும் தளம் நெடுங்காலம் டாட் ஆர்க் முடிவில்தான் இயங்கியது. இது மோசடிக்காரர்களுக்குப் பெரிய வசதி; அரசு நிறுவனங்கள் இதை மாற்றியே ஆக வேண்டும். அதுவரை இப்படிப்பட்ட தளங்களின் சரியான முகவரியை ரசீதிலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ பார்த்து ஒருமுறை கையால் டைப் செய்து புக்மார்க் செய்துகொள்ளுங்கள். கூகுளில் தேடிப் போனால் மேலே "ஸ்பான்சர்ட்" என்று வருவது விளம்பரம். அதைத் தாண்டிக் கீழே வாருங்கள்.

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தை நம்பாதீர்கள். உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். எதிர்முனையில் இருப்பவர் திருடரா என்று அது சொல்லாது. 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பூட்டுக்குத் தேவையான சான்றிதழை யாருக்கும் இலவசமாகத் தருகிறது. போலித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. தவறான நம்பிக்கை தருகிறது என்றுதான் 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

எழுத்து மாறாட்டமும் உண்டு. ஆங்கில "எம்"முக்குப் பதில் "ஆர்", "என்" இரண்டையும் ஒட்டிப் போட்டால் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. 2017இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் முழுக்க சிரிலிக் (ரஷ்ய மொழி போன்றவற்றின்) எழுத்துகளால் ஆப்பிள் தளத்தின் பெயரைப் பதிந்து காட்டினார். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை அசல் போலவே காட்டின. இப்படி ஆங்கிலம் அல்லாத எழுத்தில் உள்ள பெயர்களுக்குக் கணினி பயன்படுத்தும் உள்வடிவம் "எக்ஸ்என்" என்ற எழுத்துகளும் இரண்டு கோடுகளுமாகத் தொடங்கும். அதைப் பார்த்ததுமே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம்: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் முகவரிகளுக்கும் உள்வடிவம் அதுதான். வங்கி லிங்க்கில் வந்தால் மட்டும் உடனே மூடுங்கள்.

புதிய கடையா, பழைய கடையா என்று தெரிய வேண்டுமானால் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பதிவுத் தேதியைப் பாருங்கள். "20 ஆண்டு அனுபவம்" என்று சொல்லும் புடவைக் கடையின் முகவரி மூன்று வாரத்துக்கு முன் பதிவாகியிருந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள். தேதி பழையதாக இருப்பது மட்டும் போதாது. புதுப்பிக்காமல் விட்ட பெயரை வேறு யாராவது வாங்கியிருக்கலாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதே முகவரியின் பழைய பக்கங்களைத் திறந்தால், முன்பு அங்கே என்ன இருந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கார்டு விவரத்தையோ ஓடிபியையோ கொடுத்துவிட்டீர்களா? முதலில் வங்கியை அழைத்து கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் புகார் பதியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் முகவரி முழுவதையும் எழுத்தாகக் காப்பி செய்து சேருங்கள். படத்தில் பாதி முகவரி மறைந்திருந்தால் அந்தத் தளத்தை முடக்கச் சொல்லிக் கேட்கக்கூட வழியிருக்காது.